எட்டு மறுப்புகளுக்குப் பிறகு

குன்னூரில் எங்கள் தெருவின் கடைசி வீட்டுப் பெண் சென்ற மாதம் ஒரு கோப்புடன் என்னைப் பார்க்க வந்தார். வணிக விமானி உரிமம் பெற்று இரண்டு ஆண்டுகளாக வேலைக்குக் காத்திருப்பவர் அவர். பாட்டி, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி டேன்டீ தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். தந்தை, மேட்டுப்பாளையம் மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் அரசுப் பேருந்து ஓட்டுபவர். உதவித்தொகை, வங்கிக் கடன், உறவினர் கைமாற்று என மூன்று வழிகளில் திரட்டிய பணத்தில் பெற்றது அந்த உரிமம். ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்திருந்த பிராந்திய விமான நிறுவனங்கள் இப்போது மீண்டும் துணை விமானிகளைத் தேடத் தொடங்கியிருக்கின்றன. நான்கு படிவங்கள் அவர் கோப்பில் இருந்தன. எதற்கு முதலில் விண்ணப்பிப்பது என்பதுதான் கேள்வி.

நான்கையும் ஒரே நாளில் அனுப்பிவிட்டால் போயிற்று என்றுதான் எனக்குத் தோன்றியது. அவ்வளவு எளிதல்ல என்று அவர் விளக்கிய பிறகே புரிந்தது. ஒரு நிறுவனத்தில் சேர்ந்தால் அந்த நிறுவனம் பறக்கவிடும் விமான வகைக்கென்று தனிப் பயிற்சி பெற வேண்டும். அந்தச் செலவு பல லட்சம். நிறுவனமே ஏற்றுக்கொண்டால் இத்தனை ஆண்டுகள் விலக மாட்டேன் என்று பாண்டு எழுதித் தர வேண்டும். நாமே ஏற்றால் கடன் மேல் கடன். ஏ.டி.ஆர். விமானத்துக்குப் பெற்ற தகுதி ஏர்பஸ்ஸுக்குச் செல்லாது. விலக நினைத்தாலும் துணை விமானி 6 மாதம், கேப்டன் ஓராண்டு முன்னறிவிப்புத் தர வேண்டும் என்பது 2017-இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வகுத்த விதி. முதலில் அழைக்கும் நிறுவனத்துக்குச் சரி என்று சொல்லிவிட்டால், அடுத்த சில ஆண்டுகளை எழுதிக் கொடுத்துவிட்டதாகவே பொருள். அதனால்தான் வரிசை முக்கியமாகிறது.

நான் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவன். விமானத்தைப் பற்றி நான் அறிந்ததெல்லாம், பனி விலகிய நாள்களில் லாம்ஸ் ராக் முனையில் நின்று, கீழே கோவைச் சமவெளிக்கு மேல் நகரும் வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்ததுதான். ஆனால், இதே கேள்வியோடு முக்கால் நூற்றாண்டுக்கு முன் அலைந்த ஒரு பெண்ணின் வாழ்க்கையை ஓரளவு அறிவேன். போட்டித் தேர்வு எழுதும் ஒவ்வொருவருக்கும் அவர் பெயர் மனப்பாடம். இந்தியாவின் முதல் பெண் வணிக விமானி யார் என்ற கேள்விக்கு விடை: பிரேம் மாத்தூர். அந்த ஒரு மதிப்பெண் விடைக்குப் பின்னால் இருப்பது, வேலை தேடிய ஒருவரின் கதை.

பிரேம் மாத்தூர் உத்தரப் பிரதேசக்காரர். அலகாபாத் பறக்கும் கழகத்தில் பயின்று, 1947-இல் வணிக விமானி உரிமம் பெற்றார். அதற்கு முன்பும் இந்தியப் பெண்கள் விமானம் ஓட்டியிருக்கிறார்கள். லாகூர் பறக்கும் கழகத்தில் 1936-இல், 21 வயதில், சேலை உடுத்தி ஜிப்ஸி மாத் விமானத்தைத் தனியே ஓட்டிய சரளா தக்ரால் அவர்களில் ஒருவர். 1939-இல் அவருடைய கணவர் விமான விபத்தில் இறந்தார். அஞ்சல் விமானம் ஓட்டியவர் அவர். கணவரை இழந்த பின்னும் வணிக உரிமம் பெற வேண்டும் என்று சரளா ஜோத்பூருக்குப் போனார். இரண்டாம் உலகப்போர் மூண்டது. குடிமக்களுக்கான விமானப் பயிற்சி நிறுத்தப்பட்டது. அவர் லாகூருக்குத் திரும்பி ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். திறமைக் குறைவால் நேர்ந்ததல்ல அது. தொழில் முடங்கிய வேளையில் வாசலில் நின்றுகொண்டிருந்தார், அவ்வளவுதான். 2020 மார்ச் இறுதியில் உள்நாட்டு விமானங்கள் இரண்டு மாதம் முற்றிலும் நின்றபோது பயிற்சியின் நடுவில் இருந்த நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

பிரேம் மாத்தூருக்குக் காலம் வேறு விதமாக வாய்த்தது. போர் முடிந்ததும் அமெரிக்கப் படை விட்டுச் சென்ற டக்கோட்டா விமானங்கள் மலிவு விலைக்குக் கிடைத்தன. பெங்களூரு ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் அவற்றைப் பயணிகள் விமானங்களாக மாற்றினார்கள். பணம் இருந்தவர்கள் எல்லாம் விமான நிறுவனம் தொடங்கினார்கள். 1946-இல் அமைந்த உரிம வாரியம் தாராளமாக அனுமதி வழங்கியது. இத்தனை நிறுவனங்களுக்குப் பயணிகள் எங்கே இருக்கிறார்கள் என்று ஜே.ஆர்.டி. டாட்டா எச்சரித்தது எடுபடவில்லை. போரின்போது நின்றுபோன ஆள்சேர்ப்பு, ஒரே நேரத்தில் ஊர் ஊராகத் திறந்தது. விமானி உரிமம் கையில் வைத்திருந்த எவருக்கும் பொற்காலம் என்றே சொல்ல வேண்டும்.

அந்தப் பொற்காலத்தில் பிரேம் மாத்தூர் எட்டு நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தார். எட்டும் மறுத்தன. அவர் பெண் என்பதே காரணம்.

இந்த மறுப்பை அக்கால இயல்பு என்று கடந்துவிடுவது நம் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டக்கோட்டா கடினமான விமானம்தான். கட்டுப்பாடுகள் அனைத்தும் கம்பி வழியே கைவலுவில் இயங்குபவை. வால் சக்கரத்தில் சாய்ந்து நிற்பதால், தரையில் ஓடும்போது விமானிக்கு முன்னால் மூக்குதான் தெரியும், ஓடுபாதை தெரியாது. வளைந்து வளைந்து ஓட்டிப் பக்கவாட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால், பெண்களால் இது ஆகாது என்ற வாதம் 1947-க்கு முன்பே தோற்றுப்போயிருந்தது. போர்க்காலத்தில் அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இராணுவ விமானங்களைத் தொழிற்சாலையிலிருந்து படைத்தளங்களுக்கு ஓட்டிச் சென்று சேர்த்தார்கள். பிரிட்டனிலும் பெண் விமானிகள் அதே பணியைச் செய்தார்கள். போரில் பறந்து புகழ்பெற்ற டக்கோட்டாக்களைத் தேடி வாங்கிய நம் முதலாளிகள், அதே போரில் பெண்கள் பறந்ததை அறியாமல் இருந்திருக்க வாய்ப்பில்லை. அறிந்தே மறுத்தார்கள் என்றுதான் நான் கருதுகிறேன்.

கதவைத் திறந்தது ஹைதராபாத். நிஜாம் அரசும் டாட்டா விமான நிறுவனமும் கூட்டாக 1945-இல் தொடங்கிய டெக்கான் ஏர்வேஸ், பேகம்பேட்டை நிலையத்திலிருந்து டக்கோட்டாக்களை இயக்கியது. இன்றைய வழக்கில் சொன்னால் அது ஒரு பிராந்திய நிறுவனம். ஹைதராபாதைச் சென்னை, பெங்களூரு, தில்லி போன்ற நகரங்களோடு இணைப்பதே அதன் வேலை. நிஜாம் அரசின் ரயில்வே 1932-லேயே பேருந்துகளையும் ஓட்டத் தொடங்கியிருந்தது. தண்டவாளம், சாலை, வானம் மூன்றிலும் ஒரே அரசின் கை இருந்த ஊர் அது. ரயில்வே நிர்வாகத்தின் பழக்கம் விமானத்திலும் தொடர்ந்ததா என்று அடிக்கடி யோசித்திருக்கிறேன். உரிமம் இருக்கிறதா, பறந்த மணிக்கணக்கு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் அலுவலகப் பழக்கம் சில நேரங்களில் பெரிய மனத்தைவிட அதிகம் உதவும்.

டெக்கான் ஏர்வேஸில் பிரேம் மாத்தூர் துணை விமானியாகச் சேர்ந்தார். வலப்பக்க இருக்கை. இந்திரா காந்தி, எட்வினா மவுண்ட்பேட்டன், பிற்காலத்தில் பிரதமரான லால் பகதூர் சாஸ்திரி ஆகியோர் அவர் பணியாற்றிய விமானங்களில் பயணம் செய்தார்கள். சாஸ்திரியின் பெயரை நீலகிரியில் எழுதும்போது சற்று நிற்க வேண்டியிருக்கிறது. 1964-இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவுடன் அவர் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 5,25,000 மலையகத் தமிழர்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டும் என்று முடிவாயிற்று. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமலே தீர்மானித்த கணக்கு அது. அப்படி வந்தவர்களுக்காக 1968-இல் தமிழ்நாடு அரசு இங்கே தொடங்கிய தோட்டங்களில்தான் எங்கள் தெருப் பெண்ணின் பாட்டி கூடை சுமந்தார். யார் எந்த இருக்கையில் அமர்ந்திருந்தார்கள் என்பதில் வரலாறு எதையெல்லாம் ஒளித்து வைத்திருக்கிறது!

1949-இல் பிரேம் மாத்தூர் தேசிய விமானப் பந்தயத்தில் வென்றார். சரியான பாதையைப் பிடிப்பது, காற்றைக் கணிப்பது, நேரத்தை மிச்சப்படுத்துவது என்று ஒரு விமானிக்குத் தேவையான எல்லாவற்றையும் ஒரே நாளில் சோதிக்கும் போட்டி அது. அதில் முதலிடம் பெற்றவரின் திறமையைப் பற்றி எவருக்கும் ஐயம் இருக்க நியாயமில்லை. பொது அறிவு நூல்கள் 1951 என்ற ஆண்டோடும் டெக்கான் ஏர்வேஸ் என்ற பெயரோடும் அவரைச் சேர்த்து அச்சிட்டு, அதோடு நிறுத்திக்கொள்கின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது அதன் பிறகு நடந்தது.

விமானத்தில் இரண்டு இருக்கைகள் உண்டு. இடப்பக்கம் அமர்பவர் கேப்டன். வலப்பக்கம் துணை விமானி. இருவரும் ஓட்டுகிறார்கள். ஆனால், மேகத்துக்குள் நுழைவதா, திரும்புவதா, இறங்குவதா, அடுத்த ஊருக்குப் போவதா என்பதைத் தீர்மானிப்பவர் ஒருவர்தான். ஊதியமும் மதிப்பும் அந்த முடிவெடுக்கும் பொறுப்பைச் சார்ந்தவை. வலப்பக்க இருக்கையில் குறிப்பிட்ட மணிநேரம் பறந்தவர் தேர்வுக்குப் பின் இடப்பக்கம் மாறுவது இந்தத் தொழிலின் இயல்பான வளர்ச்சி. பிரேம் மாத்தூர் அதற்கு வேண்டிய பறப்பு மணிகளை முடித்தார். தலைமைப் பொறுப்பைக் கேட்டார். எட்டு நிறுவனங்கள் மறுத்தபோது கதவைத் திறந்த அதே டெக்கான் ஏர்வேஸ், அவருக்கு அந்த இருக்கையைத் தரவில்லை.

இந்த இடத்தில்தான் டெக்கான் ஏர்வேஸைப் பற்றிய என் மதிப்பீடு தடுமாறுகிறது. அதைப் புகழாமல் இருக்க முடியவில்லை. புகழ்ந்து முடிக்கவும் முடியவில்லை. எவரும் தராத வேலையைத் தந்தவர்கள், அந்த வேலையிலேயே திருப்தியடைய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நம்மிடையே புதிதல்ல. வீட்டு வேலைக்கு வந்த பிள்ளையைப் படிக்க வைத்தவர் அந்தப் பிள்ளை தனக்கு மேலதிகாரியாக வரும்போது முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறோம். முதல் வாய்ப்பைத் தந்தது நன்றிக்குரியது. அடுத்த படியைத் தராததற்கு அந்த நன்றி ஈடாகாது.

அமெரிக்காவிலும் இதே கதை ஏற்கெனவே ஒருமுறை நடந்திருந்தது. சென்ட்ரல் ஏர்லைன்ஸ் என்ற சிறிய நிறுவனம் 1934 டிசம்பரில் ஹெலன் ரிச்சி என்ற பெண்ணைத் துணை விமானியாகச் சேர்த்தது. விமானிகள் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்க மறுத்தது. மோசமான வானிலையில் அவரைப் பறக்க விடக் கூடாது என்ற கட்டுப்பாடும் வந்தது. பறக்க வேண்டியவர் விழா மேடைகளில் நிறுவனத்தின் விளம்பர முகமாகவே அதிகம் நின்றார். ஓராண்டு நிறைவதற்குள் விலகினார். பிரேம் மாத்தூர் உரிமம் பெற்ற அதே 1947-இன் சனவரியில் ரிச்சி இறந்தார். அதன் பிறகு ஓர் அமெரிக்கப் பெண்ணுக்கு விமான நிறுவனத்தில் விமானி வேலை கிடைக்க 1973 வரை ஆயிற்று. அவர் எமிலி ஹோவெல் வார்னர். அவரை எடுத்ததும் டென்வரைச் சேர்ந்த ஃபிரான்டியர் என்ற பிராந்திய நிறுவனம்தான். ஒரே ஒரு வேறுபாடு, அங்கே அவர் 1976-இல் கேப்டன் ஆனார்.

சிறிய நிறுவனங்களே முதலில் துணிகின்றன என்பதற்கு இந்த மூன்று கதைகளும் சான்று. பெரியவற்றுக்கு ஆள் கிடைப்பதில் சிக்கல் இல்லை, வழக்கத்தை மாற்ற வேண்டிய கட்டாயமும் இல்லை. சிறியவை நெருக்கடியில் இருப்பதாலேயே வழக்கத்தை மீறுகின்றன. நெருக்கடியில் எடுத்த முடிவு நெருக்கடி தீர்ந்ததும் என்னவாகும் என்பதே சேருபவர் கேட்க வேண்டிய கேள்வி.

டெக்கான் ஏர்வேஸிலிருந்து விலகிய பிரேம் மாத்தூர் தில்லிக்குச் சென்றார். தொழிலதிபர் ஜி.டி. பிர்லாவின் தனி விமானத்தை ஓட்டும் பொறுப்பை ஏற்றார். அட்டவணை இல்லை, பயணச்சீட்டு வாங்கி ஏறும் பயணிகள் இல்லை, பணிமூப்புப் பட்டியலும் இல்லை. ஒரு குடும்பத்தின் வாகனத்தை ஓட்டுவதுதானே என்று சிலர் இதை ஓர் இறக்கமாகப் பார்க்கக்கூடும். நான் அப்படிப் பார்க்கவில்லை. பெயர் பெற்ற நிறுவனத்தின் சீருடையில் நிரந்தரத் துணையாக இருப்பதைவிட, பொறுப்பேற்று ஓட்டும் வேலை அவருக்குப் பெரிதாக இருந்தது. 1992-இல் மறைந்தார்.

அவர் விட்டுவந்த தொழில் என்னவாயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். ஜே.ஆர்.டி. எச்சரித்தபடியே, போருக்குப் பின் முளைத்த நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளாடின. 1950-இல் இராஜாத்யட்சர் தலைமையிலான விசாரணைக் குழு, இருக்கும் போக்குவரத்துக்கு நிறுவனங்களின் எண்ணிக்கை மிக அதிகம் என்றது. 1953 ஆகஸ்டில் டெக்கான் ஏர்வேஸ் உட்பட எட்டு நிறுவனங்கள் இந்தியன் ஏர்லைன்ஸ் என்ற ஒரே அரசுக் கழகமாயின. இந்த எட்டும், பிரேம் மாத்தூரை மறுத்த எட்டும் ஒன்றல்ல. எண்ணிக்கை மட்டுமே ஒன்று. அந்தக் கழகத்தில் 1966-இல் ஒரு பெண் விமானியாக இடம்பெற்றார். அவர் துர்பா பானர்ஜி. முழுக்கப் பெண்களே பணிபுரிந்த விமானம் ஒன்று கொல்கத்தாவிலிருந்து சில்சருக்குப் பறந்தது 1985 நவம்பரில். சௌதாமினி தேஷ்முக் அதன் கேப்டன். பிரேம் மாத்தூருக்கு மறுக்கப்பட்ட இருக்கைக்கும் இந்த இருக்கைக்கும் இடையில் ஒரு தலைமுறைக்கு மேல் ஓடிவிட்டது. இன்று இந்திய விமானிகளில் ஏறத்தாழ 15 சதவீதம் பெண்கள். உலகச் சராசரியைவிட இது இரண்டு மடங்குக்கும் மேல். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நாம், அவர்களில் எத்தனை பேர் இடப்பக்கம் அமர்ந்திருக்கிறார்கள் என்று அதே மூச்சில் கேட்பதில்லை.

இந்தக் கதையை நான் எங்கள் தெருப் பெண்ணிடம் சொன்னபோது அவருடைய தந்தையும் உடனிருந்தார். அன்று அவருக்கு வார ஓய்வு. மகளுடைய கவலையெல்லாம் நிறுவனம் நிலைக்குமா என்பதில் இருந்தது. அந்தக் கவலைக்குக் காரணம் உண்டு. மதுரையையும் சென்னையையும் மையமாகக் கொண்டு 2005-இல் பறந்த பாரமவுண்ட் 2010-இல் நின்றது. விஜயவாடாவின் ஏர் கோஸ்டா 2013-இல் தொடங்கி 2017-இல் முடிந்தது. நமக்குப் பக்கத்திலேயே, கோவையிலிருந்து 2016-இல் கிளம்பிய ஏர் கார்னிவல் அடுத்த ஆண்டைத் தாண்டவில்லை. ஹைதராபாதின் ட்ரூஜெட், உடான் திட்டத்தில் 2018-இல் சேலத்துக்கு விமானம் கொண்டுவந்தது. 2022-இல் அதுவும் ஓய்ந்தது. 1953-இல் மூடும் நிலையில் இருந்த நிறுவனங்களின் விமானிகளை அரசுக் கழகம் அள்ளிக்கொண்டது. இன்று அப்படி அள்ளிக்கொள்ள யாரும் இல்லை. மறுபக்கம், 2019-இல் பறக்கத் தொடங்கிய ஸ்டார் ஏர், 2024 மார்ச்சில் கோவாவிலிருந்து கிளம்பிய ஃபிளை 91 என்று புதியவை வந்துகொண்டும் இருக்கின்றன. அரசின் அலையன்ஸ் ஏர் இருக்கிறது. இண்டிகோ 2017 முதலே ஏ.டி.ஆர். விமானங்களையும் வைத்திருக்கிறது.

சிறு விமானத்தில் தொடங்குவதில் ஆதாயமும் உண்டு என்றார் மகள். அரை மணி, ஒரு மணி நேரப் பயணங்கள் என்பதால் ஒரே நாளில் பல முறை ஏறி இறங்க வேண்டும். குறுகிய ஓடுதளங்கள், மலையோரக் காற்று, பருவமழை மேகம் எல்லாம் முதல் ஆண்டிலேயே பழகிவிடும். பெரிய விமானத்தில் நெடுந்தூரம் போகிறவருக்கு மணிநேரம் சேரும், தரையிறங்கும் பழக்கம் அந்த வேகத்தில் சேராது. கேப்டன் ஆவதற்கு வேண்டிய உயர்நிலை உரிமத்துக்கு 1,500 மணிநேரம் தேவை.

தந்தை அதுவரை பேசாமல் இருந்தார். மலைப்பாதையில் எதிரே வரும் வண்டிக்கு வழிவிட்டு நிற்பவரின் பொறுமை அவருக்கு. 1,500 மணி முடிந்ததும் அந்த இருக்கை தானாக வந்துவிடுமா என்று மட்டும் கேட்டார். வராது என்றார் மகள். காலியிடம் வேண்டும், பயிற்சிக்கு நிறுவனம் தேர்ந்தெடுக்க வேண்டும். யாரைத் தேர்ந்தெடுப்பார்கள், எப்படித் தேர்ந்தெடுப்பார்கள் என்பது அடுத்த கேள்வி. மகளிடம் விடை இல்லை. தன்னுடைய கிளையில் பணிமூப்புப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கும் என்றும், யாருக்கு எந்தத் தடம், யாருக்கு இரவுப் பணி என்பதில் சண்டை வந்தால் எல்லோரும் அந்தப் பலகை முன்னால் போய் நிற்பார்கள் என்றும் அவர் சொன்னார். அந்தப் பட்டியலை மீறி எதுவும் நடப்பதே இல்லை என்று அவர் சொல்லவில்லை. மீறினால் சுட்டிக்காட்ட ஒரு காகிதம் இருக்கிறது என்றுதான் சொன்னார்.

பிரேம் மாத்தூரைப் பற்றி இத்தனை ஆண்டுகள் படித்தும் எனக்கு இப்படிச் சொல்லத் தோன்றவில்லை. அவர் முடித்த மணிநேரத்தைக் காட்டி இனி என் முறை என்று கேட்கக் கூடிய ஒரு பலகை டெக்கான் ஏர்வேஸின் சுவரில் இருந்திருந்தால், பேகம்பேட்டையை விட்டு அவர் போயிருக்க வேண்டியதில்லை. சேரும்போது அவருக்குப் பேரம் பேச இடமே இல்லை என்பதும் உண்மை. எட்டுப் பேர் மறுத்த பிறகு ஒருவர் அழைத்தால் நிபந்தனை கேட்பவர் யார்? ஆனால், நான்கு படிவங்களைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்த இடம் கொஞ்சம் இருக்கிறது. ஆள் பற்றாக்குறையால் நிறுவனங்களே தேடி வரும் சில மாதங்கள்தான் அதற்கு உகந்தவை. தேடல் நின்றுவிட்டால் அதுவும் போய்விடும். சரளா தக்ராலுக்கு நேர்ந்தது எவருக்கும் நேரலாம்.

அன்று மாலையே படிவங்களோடு இணைக்க ஒரு பக்கத்தில் நான்கு கேள்விகளை எழுதினோம். துணை விமானி கேப்டன் பயிற்சிக்குத் தேர்வாகும் விதி எழுத்தில் உள்ளதா? பணிமூப்பு சேர்ந்த நாளிலிருந்து கணக்காகுமா, பயிற்சி முடித்த நாளிலிருந்தா? மகப்பேற்று விடுப்பில் போய்த் திரும்பினால் அந்த மூப்பு அப்படியே இருக்குமா? நிறுவனம் பறப்பதை நிறுத்தினால் பாண்டு என்னவாகும்? மூன்றாவது கேள்வியை எழுதலாமா என்று அவர் தயங்கினார். வேலை கேட்கும்போதே இதைக் கேட்டால் வேலையே கிடைக்காமல் போகலாம் என்ற அச்சம் நியாயமானது. அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு பெண் அஞ்ச வேண்டியிருக்கிறது என்பதையே அந்தக் கேள்வியை எழுதுவதற்கான காரணமாக நான் எடுத்துக்கொண்டேன். தந்தை என்னோடு உடன்படவில்லை. அதை நேர்காணலில், முகம் பார்த்துக் கேட்பதே நல்லது என்பது அவர் முடிவு. மூன்று கேள்விகளோடு கடிதம் போயிற்று.

இரண்டு நிறுவனங்களிலிருந்து பதில் வந்தது. ஒன்று இரண்டே வரி. தகுதி அடிப்படையில் முடிவு செய்யப்படும் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. மற்றொன்று, ஊதியம் அதைவிடக் குறைவாகத் தரும் நிறுவனம், தன் பணிமூப்பு விதிகளின் நகலையே அனுப்பியிருந்தது. அந்தப் பெண் அதைத் தன் கோப்பின் மேல் பக்கத்தில் வைத்திருக்கிறார். அவர்களுடைய சிமுலேட்டர் தேர்வு அடுத்த வாரம் ஹைதராபாதில். தந்தைக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. துணைக்குப் பாட்டி போவதாக இருக்கிறது. கோவை வரை முதல் பேருந்து, அங்கிருந்து விமானம். பாட்டிக்கு அது முதல் பயணம். சன்னல் பக்க இருக்கை வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறாராம்.